பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்தால் ஆங்கிலத்தில் கதை எழுதக் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி இது. கேட்டவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். ஊர் மன்னார்குடி பக்கம். தங்கை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், ஆங்கிலத்தில் நல்ல மார்க். ஆங்கிலத்தில் கதை, கட்டுரை எழுத வேண்டும் என்று ஆசை, அதனால் பி.ஏ. இங்கிலீஷ்தான் என்று நிற்கிறாள். வீட்டில் பி.காம். என்கிறார்கள். ‘நம் பக்கத்துக் கல்லூரிகளில் எழுத்தெல்லாம் சொல்லித் தருவார்களா, இல்லை சென்னை, பெங்களூர் என்று அனுப்ப வேண்டுமா’ என்று கேட்கிறார்.

தம்பி, பி.ஏ. இங்கிலீஷ் சேரட்டும். உள்ளூரிலேயே சேரட்டும். ஆனால் கதை எழுதச் சொல்லித் தரும் படிப்பு என்று நினைத்துச் சேர வேண்டாம். அது வாசிக்கச் சொல்லித் தரும் படிப்பு. எழுத்துக்கான ஏற்பாட்டைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு மெட்ராஸ் போகத் தேவையில்லை, வகுப்பில் இன்னும் மூன்று பேர் கிடைத்தால் போதும். டெல்டாவில் ஆங்கிலம் நடத்தியே காலத்தை ஓட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று வருஷத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீ மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப் பாடம்), அப்புறம் சுற்றுச்சூழல், திறன் மேம்பாடு என்று சில்லறைத் தாள்கள். மேஜரில் சாசரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், ரொமான்டிக் கவிஞர்கள், விக்டோரியன் நாவல், அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில இலக்கியம், மொழி வரலாறு, ஃபொனெட்டிக்ஸ், விமர்சனம் என்று போகும். பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குக் கீழே வரும் கல்லூரிகளில் பொதுவாக இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. கும்பகோணம் அரசுக் கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் கிரியேட்டிவ் ரைட்டிங் எலெக்டிவாகவோ திறன் தாளாகவோ இருக்கும். சேரும் முன்பே அந்தந்தக் கல்லூரியின் சிலபஸை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இருந்தாலும் அங்கே என்ன நடக்கும் என்பது வேறு விஷயம். ‘சிறுகதையின் கூறுகள் யாவை, விளக்குக’ என்று பத்து மார்க் கேள்வி வரும். மாணவர்கள் பிளாட், கேரக்டர், செட்டிங், பாயின்ட் ஆஃப் வியூ என்று தலைப்புப் போட்டு இரண்டரைப் பக்கம் எழுதி முழு மார்க் வாங்கிவிடுவார்கள், ஒரு கதைகூட எழுதாமலே. பார்ட் டூ காம்போசிஷனும் அப்படித்தான். லெட்டர், டயலாக், பழமொழியை விரித்தெழுதுவது, ப்ரெசி என்கிற சுருக்கி எழுதுவது எல்லாம் கைடில் இருக்கும், மனப்பாடம் செய்தால் முடிந்தது. இதில் ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பார்ட் டூ வகுப்பில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் வாங்கித் திருத்திக் கொடுத்து, மறுபடி எழுதச் சொல்லி, அதையும் திருத்துவது என்றால் கெஸ்ட் லெக்சரர் சம்பளத்துக்கு யார் செய்வார்கள்? ஆனால் எழுத்து கைக்கு வருவது அந்த ‘மறுபடி’யில்தான்.

இந்த ஆங்கிலக் காம்போசிஷன் விவகாரம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கும்பகோணத்தில் காவிரிக்கரைக் கல்லூரியில் 1904-இல் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணக்கிலேயே கிடந்து ஆங்கிலத்தில் தேறாமல் அந்த ஸ்காலர்ஷிப்பை இழந்தார். அதற்குப் பதினாறு பதினேழு வருஷம் முன்பு அதே கல்லூரியில் பட்டம் வாங்கிப் போனவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. வெள்ளைக்காரர்களே வாயடைத்து நின்ற ஆங்கிலம் அவருடையது. எனக்குப் பிடித்தது அவருடைய மேடைப் பேச்சு அல்ல, வேறொன்று. காந்தியின் சுயசரிதையை மகாதேவ் தேசாய் குஜராத்தியிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் அல்லவா, பிற்பாடு அந்த மொழிபெயர்ப்பை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரி. தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. நம் கல்லூரிகளில் சாஸ்திரியின் பேச்சைப் பற்றி விழா எடுப்பார்கள். திருத்தியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று உங்கள் தங்கை கண்டிப்பாக இணையத்தில் பார்த்திருப்பாள், அதனால் அதையும் சொல்கிறேன். அங்கே இது இரண்டு தனி விஷயம். ஒன்று காம்போசிஷன். ஹார்வர்டில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, இன்று பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் இஞ்சினியரிங் மாணவனும் முதல் வருஷத்தில் எடுத்தாக வேண்டிய பாடம். ஒரு வாதத்தை எடுத்து, ஆதாரம் காட்டி, அடுத்தவன் சொன்னதை அடுத்தவன் பெயரில் சொல்லி, நாலைந்து பக்கம் எழுதுவது. டிராஃப்ட் கொடுக்க வேண்டும், சக மாணவர் படித்துக் கருத்து எழுத வேண்டும், திரும்ப எழுத வேண்டும். மற்றது கிரியேட்டிவ் ரைட்டிங். அயோவா பல்கலைக்கழகத்தின் ரைட்டர்ஸ் ஒர்க்ஷாப் 1936-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-இல் எம்.ஏ. ஆரம்பித்தது, நோபல் வாங்கிய கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர்தான்.

அந்த ஒர்க்ஷாப்பில் அப்படி என்ன மந்திரம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஒருவர் தன் கதையைப் பிரதி எடுத்து ஒரு வாரம் முன்னாலேயே எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். மற்றவர்கள் ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டு வருவார்கள். வகுப்பில் அந்தக் கதையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். எழுதியவர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. ‘நான் சொல்ல வந்தது அதில்லை’ என்று விளக்கம் கொடுக்க இடமில்லை, பத்திரிகையில் வந்தால் வாசகர் வீட்டுக்கெல்லாம் போய் விளக்க முடியாது என்பதால். இந்த முறையிலும் கோளாறு உண்டு. பத்துப் பேர் சொன்னதையும் கேட்டுத் திருத்தினால் கதை எல்லோருடைய கதையாகி மொண்ணையாகிவிடும் என்று அமெரிக்காவிலேயே திட்டுகிறார்கள். அது பத்துக் கதை எழுதியவருக்கு வரும் கவலை. முதல் கதை எழுதும் பிள்ளைக்கு ஒரு வாசகர் கிடைப்பதே பெரிய விஷயம். செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ் காசுதான். மத்தியான வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் இதை நடத்தலாம், நடத்தியிருக்கிறோம்.

எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். ஊரைப் பற்றி எழுது என்றால் நம் பிள்ளைகள் எழுதுவது அநேகமாக இதுதான்: ‘மை வில்லேஜ் இஸ் சிச்சுவேட்டட் ஆன் தி பேங்க்ஸ் ஆஃப் தி ரிவர் காவேரி. இட் இஸ் சர்ரவுண்டட் பை லஷ் கிரீன் பேடி ஃபீல்ட்ஸ். ஃபார்மர்ஸ் ஆர் தி பேக்போன் ஆஃப் அவர் நேஷன்.’ இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, எந்த எக்ஸாமினரும் மார்க் போடுவார். ஆனால் இந்த மூன்று வரியைத் திருக்காட்டுப்பள்ளிக்காரனும் எழுதலாம், ஊரையே பார்க்காதவனும் எழுதலாம். ஏழாம் வகுப்பிலிருந்து எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போன வரிகள்.

இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தாள் ஒரு மாணவி. அப்பா விவசாயி. குறுவை அறுப்பு முடிந்து மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி. நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவிந்து கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அதை எழுதேன் என்றோம். அடுத்த வாரம் வந்ததில் முதல் பத்தி முழுக்கத் தகவல்: நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மூட்டைக்கு 40 கிலோ, ஈரமானால் எடுக்க மாட்டார்கள். வெளியூர்க்காரருக்குப் புரிய வேண்டுமே என்று பாடம் நடத்தியிருந்தாள். இரண்டாவது பத்தியில்தான் அப்பா வருகிறார், குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். காய்ந்திருந்தால் நறுக்கென்று உடையும். உடையவில்லை.

படித்த மூன்று பேரும் முதலில் கேட்டது 17 சதவீதத்தைப் பற்றியே இல்லை. படுதா சொந்தமா, வாடகையா என்று ஒருத்தி கேட்டாள். வாடகைதான், நாளுக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகிறது. அது கட்டுரையில் எங்கேயும் இல்லை! மழை நிற்காத ஒவ்வொரு நாளும் என்ன செலவு என்பது அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது. இன்னொருத்தி, கடித்துப் பார்ப்பதை முதல் வரிக்குக் கொண்டு வா என்றாள். அப்படியே மாற்றி எழுதினாள். முதலில் அப்பா கடிக்கிறார். பிறகு மீட்டரோடு ஊழியர் வருகிறார். ‘நைன்டீன், ஹி செட், அண்ட் மூவ்டு டு தி நெக்ஸ்ட் ஹீப்.’ அந்த இடத்தில் 17 என்ற விதி அரை வரியில் உட்கார்ந்துகொண்டது. பாடம் நடத்திய பத்தி தானாகவே உதிர்ந்துவிட்டது. கடைசியில் ‘விவசாயிகள் நாட்டின் முதுகெலும்பு’ இருக்கலாமா வேண்டாமா என்று சண்டை. எடுத்துவிடு என்றேன் நான். அவள் கேட்கவில்லை, காலேஜ் மேகசினில் அந்த வரியோடுதான் வந்தது. எழுதியவள் இஷ்டம்.

தமிழ் மீடியம் என்பதால் பயம் வேண்டாம், ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும். ஸ்பெல்லிங், ஆர்ட்டிகிள் எல்லாம் படிக்கப் படிக்கச் சரியாகிவிடும். சிக்கல் வாக்கியக் கட்டில் இருக்கிறது. தமிழில் ‘அப்பா கையை விட்டு, ஒரு பிடி எடுத்து, கடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் படுதாவை இழுத்து மூடினார்’ என்று வினையெச்சங்களை வரிசையாகக் கோத்துக் கடைசியில் ஒரே வினைமுற்றில் முடிக்கலாம், அழகாகவும் இருக்கும். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘ஹேவிங் புட்’, ‘ஹேவிங் டேக்கன்’, ‘ஹேவிங் பிட்டன்’ என்று ஒரு ரயில் வண்டி வரும். நம் பக்கத்து ஆங்கிலத்தில் இந்த ஹேவிங் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள், வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் இருக்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு செயலுக்கும் முழு வினை வேண்டும். கையை விட்டார். ஒரு பிடி எடுத்தார். ஒரு மணியைக் கடித்தார். இரண்டு செயலை ஒரு ‘அண்ட்’ போட்டு இணைக்கலாம், மூன்றாவதைத் தனி வாக்கியமாக்கலாம். எங்கே வெட்டுவது, எங்கே இணைப்பது என்பதில்தான் ஆங்கில உரைநடையின் நடையே இருக்கிறது. அதேபோல் நமக்குப் பெயருக்கு முன்னால் அடுக்குவது பழக்கம்: ‘நேற்று ராத்திரி மழையில் நனைந்த, இன்னும் மூட்டை பிடிக்காத நெல்’. ஆங்கிலத்தில் நெல் முதலில் வர வேண்டும், மற்றதெல்லாம் அதன் பின்னால். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, நல்ல ஆங்கிலக் கதை ஒன்றில் ஒரு பக்கத்தை எடுத்து, வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுப் பார்த்தால் அரை மணியில் பிடிபடும்.

பார்ட் ஒன் தமிழை அலட்சியம் பண்ண வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இங்கிலீஷ் டிபார்ட்மெண்டில் சேர்ந்ததும் சிலருக்குத் தமிழ் வாசிப்பது கௌரவக் குறைச்சலாகிவிடுகிறது. கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி, எம்.வி. வெங்கட்ராம் எல்லாம் கும்பகோணத்தோடு சம்பந்தப்பட்டவர்கள். தி. ஜானகிராமன் பிறந்த தேவங்குடி உங்கள் மன்னார்குடிப் பக்கம்தான். இந்த மண்ணில் மனுஷர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதை இவர்கள் எழுதிக் காட்டிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பக்கத்தைப் பற்றி வந்திருப்பது இதில் கால்வாசிகூட இருக்காது. உங்கள் தங்கைக்கு அது நல்ல காலம் என்றே சொல்வேன். புத்தகத்துக்குத் தஞ்சாவூர் என்றதும் எல்லோரும் சரஸ்வதி மகால் என்பார்கள். அது ஓலைச்சுவடி ஆராய்ச்சிக்காரர்களுக்கு. அவளுக்குத் தேவை பொது நூலகத்தில் ஒரு உறுப்பினர் அட்டை.

ஏ.ஐ. பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது இன்டர்னல் அசைன்மெண்டில் பாதி சாட்ஜிபிடி எழுதுவது. வாங்குகிறவருக்கும் தெரியும். இலக்கணம் சரிபார்க்க வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. முதல் டிராஃப்ட்டை அதனிடம் கேட்டால் மறுபடி அந்த ‘லஷ் கிரீன் பேடி ஃபீல்ட்ஸ்’தான் வரும், இன்னும் கொஞ்சம் பாலிஷாக.

சான்றிதழோடு எழுத்துப் படிப்பு வேண்டும் என்றால் இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோ இன் கிரியேட்டிவ் ரைட்டிங் இன் இங்கிலீஷ் இருக்கிறது, பிளஸ் டூ போதும். 2022-இல் யூ.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று அனுமதித்துவிட்டதால், கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டே அஞ்சல் வழியில் இதையும் முடிக்கலாம். முதல் வருஷமே வேண்டாம், இரண்டாம் வருஷத்தில் போடட்டும். எம்.ஏ.வுக்குத் திருவாரூர் நீலக்குடியில் 2009-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. க்யூட் பி.ஜி. என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும், நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள், அந்தச் சேர்க்கையே ஒரு படிப்பு. எழுதியதை அனுப்ப, சாகித்ய அகாதமியின் ‘இந்தியன் லிட்ரேச்சர்’ 1957 முதல் வருகிறது, சீக்கிரம் இடம் கிடைக்காது. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு 18 வயது ஆகியிருந்தால் போதும், கட்டணம் இல்லை, கதை 2000 முதல் 5000 வார்த்தை. அதற்குத் தமிழிலேயே எழுதியும் அனுப்பலாம் என்பது இங்கே நிறையப் பேருக்குத் தெரியாது.

இனி வீட்டுக் கவலை. அதையும் தட்டிக்கழிக்கக் கூடாது, நியாயமான கவலைதான். கதை எழுதிச் சம்பாதிப்பது இங்கே நடக்காது. பி.ஏ. இங்கிலீஷுக்கு நேர்வழி பி.எட். இரண்டு வருஷம், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு. போட்டி கடுமை. இன்னொரு வழி கம்பெனிகளில் கன்டென்ட் ரைட்டிங், டெக்னிக்கல் ரைட்டிங், டாகுமென்டேஷன். இன்டர்வியூவில் டிகிரியைவிட எழுதிய பக்கத்தைத்தான் கேட்பார்கள், நான் மேலே சொன்ன காம்போசிஷன் பழக்கம் அங்கே நேரடியாகக் கைகொடுக்கும். டி.என்.பி.எஸ்.சி., யூ.பி.எஸ்.சி. என்று போனாலும் மெயின்ஸில் எழுதித்தான் ஆக வேண்டும். செலவும் பெரிதில்லை, அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்களுக்கே தெரியும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும்.

அப்ளிகேஷன் போடும்போது ஒரு விஷயம். அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கையில் பி.ஏ. இங்கிலீஷுக்கு ஆங்கில மார்க்கை வைத்துத் தனி ரேங்க் லிஸ்ட் போடுவார்கள், பி.காம். போன்றவற்றுக்கு மற்ற நான்கு பாட மார்க். ஆங்கிலத்தில் நல்ல மார்க் என்றால் முதல் லிஸ்டிலேயே பெயர் வர வாய்ப்பு உண்டு. மன்னார்குடி ராஜகோபாலசாமி கல்லூரி, தஞ்சாவூர் குந்தவை நாச்சியார், கும்பகோணம் மகளிர் கல்லூரி மூன்றையும் போட்டு, இரண்டு படிப்பையும் விருப்பத்தில் கொடுங்கள். கவுன்சலிங்கில் வீட்டுப் பேச்சே ஜெயித்து பி.காம். ஆனாலும் பார்ட் டூ இங்கிலீஷ் இருக்கும், இக்னோ டிப்ளமோவுக்கும் தடையில்லை, அந்த மூன்று பேரை வேறு டிபார்ட்மெண்டிலிருந்தும் பிடிக்கலாம். சேர்ந்த பிறகு எந்தக் கல்லூரி என்று எழுதுங்கள் தம்பி, அங்கே உட்கார்ந்து திருத்திக் கொடுக்கிற ஆள் யாராவது எனக்குத் தெரிந்திருந்தால் சொல்கிறேன்.